வீட்டிலேயே குணமாகுமா?

(உரைநடைப் பாடம்)

விடுமுறைக்குச் சென்னைக்குச் செல்லும்போது, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு ஓடும் மின்சார ரயிலில் உங்களுள் பலர் பயணம் செய்திருப்பீர்கள். எழும்பூரை அடுத்து வருவது சேத்துப்பட்டு. மாம்பலம், கிண்டி, பல்லாவரம் என வரிசையாகக் கடந்து குரோம்பேட்டைக்கு அப்பால் ஒரு நிலையம் வரும். அதன் பெயர்ப்பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதப்பட்டிருக்கும். சானடோரியம் என்பது ஓர் ஊரின் பெயரன்று. ஒரு வகை மருத்துவமனையின் பெயர். ஒரு நோய்க்காகக் கட்டப்பட்ட மருத்துவமனை, ரயில் நிலையத்திற்கே பெயராக அமைந்துவிட்டது. அந்நோய் காசநோய்.

அதே ரயில் பாதையில் முன்னரே கடந்துவிட்ட சேத்துப்பட்டுக்கும் இந்நோயின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சானடோரியம் உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வியை, நம்பிக்கையால் அன்றி எண்ணிக்கையால் ஆராய்ந்து விடை கண்ட இடம் அது. அந்த ஆராய்ச்சியின் வரலாற்றையே இப்பாடத்தில் காண இருக்கிறோம்.

மருந்தில்லாக் காலம்

காசநோயை நம் முன்னோர் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் அழைத்தனர். நோயாளி நாளுக்கு நாள் மெலிவார்; மாலையில் காய்ச்சல் காணும்; இருமலில் சில வேளைகளில் இரத்தமும் வரும். ஒரே குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக நோய்ப்படுவதைக் கண்டவர்கள், இது பரம்பரை நோய் என்றே நெடுங்காலம் எண்ணினர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மனியின் பெர்லின் நகரில் இராபர்ட் கோக் என்னும் அறிஞர், இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று மெய்ப்பித்துக் காட்டினார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது அந்நுண்ணுயிரி காற்றில் கலக்கிறது. அக்காற்றை நெடுநேரம் சுவாசிப்பவரைத் தொற்றுகிறது. மார்ச் 24 இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

காரணம் தெரிந்தது, ஆயினும் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் மருத்துவர்கள் நம்பியவை மூன்று: தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. இம்மூன்றையும் ஒருசேர அளிப்பதற்காக ஊருக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த இடங்களில் கட்டப்பட்டவையே சானடோரியங்கள். நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அங்கே தங்கினர்.

கணித மேதை இராமானுஜன் 1917இல் இங்கிலாந்தில் நோயுற்றபோது, காசநோய் என்று கருதிய மருத்துவர்கள் அவரை இத்தகைய சானடோரியங்களில் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று மென்டிப் குன்றுப் பகுதியில் இருந்தது. அதை நடத்தியவர் சவுரிமுத்து என்னும் இந்திய மருத்துவர். 1914இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்ற அதே கப்பலில் அவரும் பயணம் செய்தவர். தாயகம் திரும்பிய சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். ரயில் நிலையத்தின் பெயருக்குக் காரணம் அதுவே. இராமானுஜனோ 1920இல் சேத்துப்பட்டில், தமது 32ஆம் வயதில் காலமானார். அவருக்கு வந்தது காசநோய்தானா, வேறொன்றா என்பதில் பிற்கால மருத்துவர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எந்நோயாயினும், காற்றும் ஓய்வும் அவரைக் காப்பாற்றவில்லை.

மருந்து வந்தது, படுக்கை இல்லை

1943இல் அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் மருந்து அதுதான். ஆனால் அம்மருந்தை மட்டும் பெற்ற நோயாளிகளுள் பலர் சில மாதங்கள் தேறி, பின்னர் மீண்டும் நலிந்தனர். கோடிக்கணக்கான கிருமிகளுள் மிகச் சில மருந்துக்கு அடங்காதவையாக இருக்கும். மற்றவை அழிந்தபின் அவை பெருகிவிடும். ஆகவே, ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகளைக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று கொல்லும் என்று கண்டனர். பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியாசிட் என்னும் மருந்தும் இதற்கு உதவின. இவ்விரண்டும் வாய்வழி உட்கொள்ளத்தக்கவை. விலையும் ஓரளவு குறைவு.

இனிக் கவலையில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். இந்தியாவின் நிலை வேறாக இருந்தது. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. நோயாளி சானடோரியத்தில் தங்கித்தான் மருந்து உண்ண வேண்டுமென்றால், பெரும்பாலோர் தமது முறை வருமுன்னரே இறந்துபோவர். அனைவருக்கும் படுக்கை அமைக்க நாட்டில் பணமும் இல்லை, செவிலியரும் இல்லை.

அப்படியாயின் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினால் என்ன? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு எதிராக இரண்டு வலுவான அச்சங்கள் இருந்தன. முதலாவது, ஏழையின் வீட்டில் நல்ல உணவும் இல்லை, ஓய்வும் இல்லை. அங்கே மருந்து பலிக்குமா? இரண்டாவது அச்சம் இன்னும் கொடியது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் தாய், தன் குழந்தைக்கே நோயைக் கொடுத்துவிடமாட்டாளா? நோயாளியைக் காக்கப் போய் குடும்பத்தையே நோயில் தள்ளுவது மருத்துவமாகுமா?

இவ்வச்சங்கள் அறிவற்றவர்களின் அச்சங்கள் அல்ல. தேர்ந்த மருத்துவர்களே இவ்வாறு கருதினர். ஆனால் அவற்றை எவரும் அளந்து பார்த்ததில்லை.

சேத்துப்பட்டில் ஒரு கேள்வி

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இதில் இணைந்தன. அதன் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். மையத்தின் முதல் ஆராய்ச்சியே மேற்கண்ட கேள்விதான்.

ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டவர்கள் 193 நோயாளிகள். இவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றக் குழுவினர் வீட்டிலேயே இருந்து மையத்திற்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். இரு குழுவினருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். ஆகிய அதே இரு மருந்துகள், அதே ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. இடம் மட்டுமே வேறு.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை முடிவு செய்தவர் யார்? மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால் என்ன நிகழும்? இரக்கமுள்ள மருத்துவர், மிகவும் நலிந்தவரைச் சானடோரியத்திற்கு அனுப்புவார்; ஓரளவு திடமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். ஆண்டின் இறுதியில் வீட்டில் இருந்தோர் நன்கு குணமடைந்திருந்தால், அதற்குக் காரணம் வீடா, அவர்களின் தொடக்க நிலையா என்று எவராலும் கூற இயலாது. நோயாளிகளையே கேட்டிருந்தாலும் இதே சிக்கல்தான். வசதியுள்ளவர் ஒன்றையும் இல்லாதவர் மற்றொன்றையும் நாடியிருப்பர். ஆகவே இம்முடிவு மனிதர் கையில் விடப்படவில்லை. குலுக்கல் போன்ற ஒரு முறையால், தற்செயலாக, ஒவ்வொருவரின் இடமும் குறிக்கப்பட்டது. விளையாட்டில் எந்த அணி முதலில் ஆடுவது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதில்லையா? அதுபோன்ற நடுநிலையே இங்கும் நாடப்பட்டது. இவ்வாறு பிரித்தால் இரு குழுக்களிலும் நலிந்தோரும் திடமானோரும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைவர். பின்னர்த் தோன்றும் வேறுபாட்டிற்கு இடமே காரணம் என்று கூறலாம்.

இம்முறை கல் நெஞ்சத்தின் செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் முழு மருந்து கிடைத்தது, கண்காணிப்பும் கிடைத்தது. அன்றைய சென்னையில் இவ்விரண்டும் இல்லாமல் படுக்கைக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம்.

வீடுகளுக்குள் சென்றவர்கள்

வீட்டில் இருந்தோரின் வாழ்க்கையை மையத்தினர் நுணுக்கமாகக் குறித்து வைத்தனர். அவர்கள் பெரும்பாலும் நகரின் ஏழை மக்கள். நெரிசலான வீடுகளில் வாழ்ந்தவர்கள். சானடோரியத்தில் இருந்தோரைவிட அவர்களுக்குக் கிடைத்த உணவு குறைவு. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓய்வும் குறைவு. உடல் சற்றுத் தேறியதும் வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. வீட்டு வேலையை விட்டு ஓய்வெடுக்கத் தாய்மார்களுக்கு ஏது வழி? மருத்துவ நூல்கள் எவற்றையெல்லாம் தவிர்க்குமாறு கூறினவோ அவை அனைத்தும் இவர்களின் அன்றாட வாழ்வாக இருந்தன.

மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்பதை அறிவது எளிதாக இல்லை. பி.ஏ.எஸ். நாள்தோறும் பேரளவில் உண்ண வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும். 'உண்டேன்' என்று வாயால் கூறுவதை மட்டும் நம்ப முடியுமா? எனவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், எஞ்சியிருக்கும் மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பி.ஏ.எஸ். உண்டவரின் சிறுநீரில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நிறம் மாறும். ஆராய்ச்சி என்றவுடன் வெண்ணிற அங்கியும் கண்ணாடிக் குழாய்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி சந்துகளில் நடந்து, படியேறி, கதவைத் தட்டியவர்களால் நடந்தது.

நோயாளிகளை மட்டுமன்று, அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினரையும், குறிப்பாகக் குழந்தைகளையும், மையம் தொடர்ந்து பரிசோதித்து வந்தது. இரண்டாம் அச்சத்திற்கு விடை அவர்களிடமே இருந்தது.

விடை

முதல் முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. ஓராண்டு மருந்துக்குப் பின், சானடோரியத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது.

92க்கும் 86க்கும் வேறுபாடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது முறையே. ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கும் குறைவானவர்களே இருந்தனர் என்பதை நினைவில் கொள்க. அப்படியானால் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஐந்தாறு பேரைக் குறிக்கிறது. இத்தகைய சிறு வேறுபாடு தற்செயலாகவும் தோன்றக்கூடும். பின்வந்த ஆண்டுகளில் இரு குழுவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. சானடோரியத்தில் இருந்தோர் உடல் எடை கூடுதலாகப் பெற்றனர் என்பது உண்மை. ஆனால் கிருமியை வென்றது எடையன்று, மருந்து.

இரண்டாம் கேள்விக்கான விடை இன்னும் வியப்பளித்தது. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தினர் ஐந்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். நோயாளியைச் சானடோரியத்திற்கு அனுப்பிய குடும்பங்களைவிட, வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் காசநோய் கூடுதலாகக் காணப்படவில்லை. அஃது எவ்வாறு? நோயாளி மருந்து உண்ணத் தொடங்கியதும் பிறருக்குத் தொற்றச் செய்யும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது. நோய் கண்டறியப்படுவதற்கு முன், என்ன இருமல் என்றே அறியாமல் இருந்த மாதங்களில்தான் குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. அதன்பின் தாயைப் பிரித்து அனுப்புவதால் அக்குழந்தைக்குப் பயனில்லை. தாயின்மை மட்டுமே மிச்சம்.

இம்முடிவை உலகம் உடனே முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் 1962இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், வீட்டில் இருந்தபடியே மருந்து பெறும் முறையை அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது பொது மருத்துவமனைகளாக மாறின. தாம்பரம் சானடோரியமும் இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் நிலைத்துவிட்டது.

எஞ்சிய இரண்டு

வீட்டுச் சிகிச்சை வென்றது என்றாலும் ஒரு குறை எஞ்சியது. இரண்டு மாதங்களில் இருமல் நின்றுவிடும், காய்ச்சல் போய்விடும். நலமடைந்துவிட்டோம் என்று எண்ணி மருந்தை நிறுத்துபவர்கள் பலர். அவர்களிடம் நோய் திரும்பும். திரும்பும்போது மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் திரும்பக்கூடும். இதற்குச் சேத்துப்பட்டு மையமே ஒரு வழியை ஆராய்ந்தது. நாள்தோறும் வீட்டில் உண்பதற்கு மாற்றாக, வாரம் இருமுறை மையத்திற்கு வந்து, பணியாளரின் கண்முன்னே மருந்து பெறும் முறை அது. 1964இல் வெளியான அதன் முடிவுகள் நம்பிக்கையளித்தன. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இதுவும் ஒரு முன்னோடி. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தே போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே வழங்கப்படுகிறது.

மற்றொன்று உணவு. சென்னை ஆராய்ச்சியைப் படித்த சிலர், காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்துகொண்டனர். அந்த ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. நோயுற்றபின் மருந்து உண்பவர் குறைந்த உணவிலும் குணமடையலாம் என்பதே அது கூறியது. நோய் வராமல் தடுப்பதில் உணவின் பங்கு என்ன என்பது வேறு கேள்வி. அக்கேள்வி அறுபது ஆண்டுகளுக்குப் பின், சென்னையிலிருந்து வெகுதொலைவில், ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் கேட்கப்பட்டது. (உங்களுள் சிலர் அம்மாநிலத்திலேயே வாழ்பவராகவும் இருக்கலாம்.) இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ள அதே சேத்துப்பட்டு மையமும் அதில் பங்கேற்றது.

2019இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும், நோயாளியுடன் வாழ்ந்தோருக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் என்ற அளவில், சத்து மாத்திரைகளுடன் உணவுப்பொருள்கள் கூடுதலாக அளிக்கப்பட்டன. 2023இல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது, பெறாதவரைவிட நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றும் நுரையீரல் காசநோய் 48 பங்கு குறைந்திருந்தது. இங்கே தடுப்பு மருந்தாகச் செயல்பட்டவை அரிசியும் பருப்பும்.

அருஞ்சொற்பொருள்

எலும்புருக்கி – காசநோயின் பழைய பெயர்
நலிந்தவர் – உடல் மெலிந்து வலுவிழந்தவர்
மெய்ப்பித்தல் – உண்மை என நிலைநாட்டுதல்
பலித்தல் – பயன் தருதல்
நடுநிலை – ஒரு பக்கம் சாயாமை
தற்செயல் – முன் திட்டமின்றி நிகழ்வது
அங்கி – மேலாடை
முன்னோடி – வழிகாட்டியாக முதலில் அமைந்தது

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. சானடோரியங்களில் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட மூன்றும் யாவை?
2. காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுப்பதில் உள்ள இடர் யாது?
3. வீட்டுச் சிகிச்சையைக் குறித்து மருத்துவர்கள் கொண்டிருந்த அச்சங்களை உம் சொற்களில் எழுதுக.
4. நோயாளிகளை மருத்துவரே தேர்ந்து பிரித்திருந்தால் ஆராய்ச்சி எவ்வாறு பயனற்றுப் போயிருக்கும்?
5. சென்னை ஆராய்ச்சிக்கும் ஜார்க்கண்ட் ஆராய்ச்சிக்கும் கேள்வியில் உள்ள வேறுபாடு யாது?

ஆ. பிரித்து எழுதுக.

நுண்ணுயிரி, தாயின்மை, சேத்துப்பட்டில், அவ்வச்சம், கண்முன்னே

இ. செய்வினையாக மாற்றுக.

1. மையத்தினரால் எஞ்சிய மருந்து எண்ணப்பட்டது.
2. சவுரிமுத்துவால் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவப்பட்டது.
3. பணியாளர்களால் சிறுநீர் சோதிக்கப்பட்டது.

ஈ. வகுப்பில் பேசுக.

ஆராய்ச்சிக்காக நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பது நேர்மையானதா? ஏற்போர் ஒரு பக்கமும் மறுப்போர் ஒரு பக்கமுமாகப் பேசுக.

உ. செய்து பார்க்க.

நீங்கள் வாழும் ஊரின் மொழியில் காசநோயை எவ்வாறு அழைக்கின்றனர்? உங்கள் தாத்தா பாட்டி அதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினர்? இரண்டையும் கேட்டறிந்து, அச்சொற்களின் பொருளோடு பயிற்சி ஏட்டில் எழுதுக.